கடல் விண்ணப்பம் போடவில்லை

"நாளைக்கு மேடம் வர்றதுக்குள்ள அத்தனையும் பிடுங்கியாகணும்" என்றார் மாமனார்.

மருமகள் அவர் நீட்டிய செல்போனைப் பார்த்தாள். அன்று மாலை அவர் எடுத்து வந்த படம். கழிமுகத்துச் சேற்றில் சாண் உயரத்துக்கு அலையாத்திக் கன்றுகள், பச்சைப் பசேலென்று.

"அழகா இருக்கே மாமா."

"அழகு கிடக்கட்டும்மா. 'இங்க புல் பூண்டுகூட இல்ல, மரம் நட நிதி குடுங்க'ன்னு எழுதிக் கேட்டிருக்கோம். வந்து பாக்கறவங்களுக்கு என்னன்னு பதில் சொல்றது?"

மாமனார் டைல்ஸ் கடை முதலாளி. கடலோரப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவரும் அவர்தான். கடலோரத்துக்குப் போவது படம் எடுக்க மட்டும். மருமகள் சங்கத்தின் செயலாளர். அதாவது எழுதுவது, திருத்துவது, ஆபீஸ் ஆபீஸாக அலைவது எல்லாம் அவள். கையெழுத்து மட்டும் அவர்.

விண்ணப்பத்தில் பொய் இல்லை. எழுதும்போது அந்த இடம் மொட்டையாகத்தான் இருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ போட்ட மண்கரை ஒன்று கடல் தண்ணீரை உள்ளே விடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. போன மழையில் கரை உடைந்தது. தண்ணீர் வந்தது, அதோடு விதையும் மிதந்து வந்தது. விண்ணப்பம் இல்லை, திட்ட அறிக்கை இல்லை, தலைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. கடல் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்துவிட்டது. ஒரு சங்கத்துக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

"மரம் நடக் காசு கேக்கறதுக்காக மரத்தைப் பிடுங்கணுமாப்பா?" என்றான் மகன்.

"நாம நட்டாத்தான்டா அது மரம். தானா முளைச்சா களை."

"ஒவ்வொரு புயலுக்கும் கரையோர வீட்டுக்குள்ள எல்லாம் கடல் வந்துடுது. இது வளர்ந்தா அலை அங்கயே அடங்கும்ப்பா."

"அதுக்குத்தானே நிதி கேக்கறோம்?"

மகன் மனைவியைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்."

"மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "நான் பாத்துக்கறேன் மாமா. நீங்க காலைல அலைய வேண்டாம். மேடம் வர்ற நேரத்துக்கு வந்தாப் போதும்."

அடுக்களையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "இந்த வீட்ல உங்க மாமாவுக்கு ஜால்ரா போட ஆளில்லையேன்னு ஒரு குறை இருந்துச்சு. அதுவும் தீர்ந்துச்சு."

மகன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் நிதி தரும் அலுவலகத்திலிருந்து அதிகாரியம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். கழிமுகம் கரை வரைக்கும் தளும்பி நின்றது. கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்தான், ஒரு இலை தெரியவில்லை. மாமனார் மருமகளைப் பார்த்து 'கெட்டிக்காரி' என்பதுபோல் தலையாட்டிவிட்டு ஆரம்பித்தார்.

"நீங்களே பாருங்க மேடம். பாக்கப் பாக்க வயிறு எரியுது. இதை நினைச்சா எனக்கு ராத்திரில தூக்கமே வர்றதில்ல."

அவர் விடும் குறட்டைக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொள்வார்கள்.

"தானா முளைச்ச கன்னு எதுவும் இல்லையா சார்?"

"மருந்துக்கு ஒண்ணு கிடையாது மேடம்."

அதிகாரி கையிலிருந்த கோப்பை மூடினார். "அப்போ கஷ்டம். வெறும் சேத்துல கொண்டுபோய் நட்டதெல்லாம் நிறைய இடத்துல செத்துப்போச்சு. இனிமே தானா முளைக்கற இடமாப் பாத்து, அதைக் காப்பாத்தி வளக்கறதுக்குத்தான் நிதி. இந்த வாரம்தான் விதி மாறுச்சு."

மாமனார் தண்ணீரைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார். 'நேத்து வரைக்கும் இருந்துச்சு மேடம், நாங்கதான் பிடுங்கிட்டோம்' என்று எந்த வாயால் சொல்வது? பாவம், மனிதர் தவித்துப் போனார்.

"திருப்திதானே?" என்றான் மகன் மனைவியிடம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் ஜீப்பை நோக்கிப் போன அதிகாரியின் பின்னால் ஓடினாள்.

"மேடம், கொஞ்ச நேரம் இருந்து ஒரு காபி குடிச்சுட்டுப் போங்களேன்."

"நான் காபி குடிச்சா இங்க கன்னு முளைச்சிடுமாம்மா?"

"தண்ணி இறங்கிடும் மேடம்."

அதிகாரி நின்றார்.

"இது கடல் ஏறி நிக்கற நேரம்" என்றாள் மருமகள். "கன்னெல்லாம் அடியில முங்கிக் கிடக்கு. பிடுங்கறதா ஒத்துக்கிட்டேன். ஆனா கிட்டப் போய்ப் பாத்ததும் மனசு வரல. உங்க கண்ணுல படாம இருந்தா நிதியும் வரும், அதுங்களும் பிழைச்சுக்கும்னு காலைல போன் பண்ணி இந்த நேரமாப் பாத்து உங்களை வரச் சொன்னேன். உங்களை ஏமாத்தப் பாத்ததுக்கு மன்னிச்சிடுங்க."

மகன் அப்போதுதான் மனைவியை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதிகாரியின் முகம் சிவந்தது. "பிடுங்கறதா? முளைச்ச கன்னைப் பிடுங்கச் சொன்ன அந்தப் புண்ணியவான் யாரு?"

மருமகள் தண்ணீரைப் பார்த்தாள். மகன் அப்பாவைப் பார்த்தான்.

மாமனார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"அதைத்தான் மேடம் நானும் நேத்துலேர்ந்து விசாரிச்சிட்டிருக்கேன்."