முதலையம்மாவின் சுத்தமான வாய்

ஆற்று மணலில் ஒரு ஆட்காட்டிக் குருவி பல் சுத்தம் செய்யும் தொழில் நடத்தி வந்தது. முதலைகளின் பல்லிடுக்கில் சிக்கிய இறைச்சித் துணுக்குதான் அதற்குக் கூலி. அதைக் கொண்டுபோய்த்தான் குஞ்சுகளுக்கு ஊட்டும்.

அன்று முதலையம்மா வந்து வாயைத் திறந்தாள். பல்லெல்லாம் பளிச்சென்று இருந்தது.

"என்னம்மா, ஒண்ணுமே இல்லையே?"

"நீங்க என்ன நினைப்பீங்களோன்னு பயந்து, காலையிலேயே வேப்பங்குச்சியால நல்லா தேய்ச்சுட்டேன் டாக்டரம்மா."

"அழுக்கா வந்தாத்தானே எனக்கு வேலை? குஞ்சுங்க பட்டினியா கிடக்குதும்மா."

"ஐயோ, அழுக்கு வாயோட டாக்டர் முன்னாடி எப்படி உட்காருவேன்!"

குருவிக்கு அழுகை வந்தது. ஆண்டவனை நினைத்துக்கொண்டு பறந்துபோய், ஒரு கெண்டை மீனைப் பிடித்து வந்து முதலையம்மாவின் வாயில் போட்டது. அப்படியே குஞ்சுகளுக்குக் கொடுத்திருக்கலாம். ஆனால் தன் தொழிலைச் செய்து சம்பாதிக்காத சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்பது அதன் எண்ணம்.

"நல்லா மெல்லுங்கம்மா."

முதலையம்மா பொறுமையாக மென்றாள். பல்லிடுக்கெல்லாம் மீன். குருவி ஆசையோடு வாய்க்குள் காலை வைத்தது.

"ஒரு நிமிஷம் டாக்டரம்மா," என்று கூச்சத்தோடு நெளிந்தாள் முதலையம்மா. "வாயைக் கொப்பளிச்சுட்டு ஓடி வந்துடறேன்."