ஸ்கூட்டர் நின்ற இடம்

“என் வண்டியை எடுத்துட்டுப் போனவன் யாருன்னு இன்னிக்குத் தெரிஞ்சாகணும்.”

ஆடிட்டர் போனை மேஜைமேல் வைத்தார். போக்குவரத்துப் போலீஸ் அனுப்பிய போட்டோ. ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே அவருடைய ஸ்கூட்டர் ஜம்மென்று நின்றது. நம்பர் பளிச்சென்று தெரிந்தது. எந்தத் தெரு என்று மட்டும் எங்கும் போடவில்லை.

“போன மாசம் நான் வெளியூர் ஆடிட்டுக்குப் போயிருந்தப்போ எடுத்தது. அப்போ வண்டி மெக்கானிக்கிட்ட சர்வீசுக்கு விட்டிருந்தேன். அவன்தான் ஊர் சுத்தியிருக்கான்.”

சமையலறை வாசலில் நின்ற மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“அவரைக் கேட்டீங்களா மாமா?” என்றான் அவள் தம்பி.

“கேட்டேன். ‘அது வந்து சார், அது வந்து சார்’னு மென்னு முழுங்குறான். இந்த இடம் அவன் வீட்டுப் பக்கம்னு மட்டும் தெரியட்டும், நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். கடையை இழுத்து மூட வச்சுடறேன்.”

அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிற மனிதர். லேசில் விடுவாரா?

மைத்துனன் போட்டோவை டி.வி.யில் போட்டுப் பெரிதாக்கினான். அறையின் மூலையில் ஆடிட்டரின் அம்மா, பேரன் சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

“நிழலைப் பாருங்க மாமா. வண்டிக்கு முன்னாடி நீளமா விழுது. காலை நேரம்னா ரோடு மேற்கே போகுது.”

“சாயங்காலம்னா?”

“கிழக்கே போகுது.”

“ஆக மொத்தம் ரோடு எங்கயோ போகுது. பிரமாதம்.”

மைத்துனன் அசரவில்லை. “இதோ மூணு பேர் நடந்து வர்றாங்க. மூணு பேருமே கறுப்புக் கண்ணாடி. சந்தேகமே இல்ல, கடற்கரை ரோடு.”

“கடல் எங்கடா?”

“படத்துக்கு வெளிய இருக்கும்.”

“எல்லாரும் வயசானவங்களா இருக்காங்களே. ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு தட்டுத் தடுமாறி வேற வர்றாங்க.”

“மணல்ல நடந்து களைச்சுப் போயிருப்பாங்க மாமா.”

“சரி, பின்னாடி படிக்கட்டுப் பக்கத்துல கைப்பிடி வச்ச சரிவுப் பாதை இருக்கே, அது என்ன?”

“அப்போ பேங்க்கா இருக்கும். இல்லன்னா ரயில்வே ஸ்டேஷன்.”

ஆடிட்டருக்குத் தலை சுற்றியது. கடலில்லாத கடற்கரையில் ஒரு பேங்க், அதற்குள்ளே ரயில். கூட்டிப் பார்த்தாலும் கழித்துப் பார்த்தாலும் கணக்கு இடித்தது.

“அந்தக் கட்டடத்துப் பலகையைப் படிடா.”

“பெரிய எழுத்தை மரக்கிளை மறைக்குது மாமா. கீழ பொடி எழுத்துல என்னமோ இருக்கு. எறும்பு ஊர்ற மாதிரிதான் தெரியுது.”

இருவரும் டி.வி.க்குப் பக்கத்தில் போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். பிடிபடவில்லை.

“என்னங்க, போலீசெல்லாம் வேண்டாமே,” என்றாள் மனைவி. “அவர் நல்ல மனுஷர்.”

“உனக்கு என்ன தெரியும்? வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. விழுந்து வைப்பே, தொடாதேன்னு சொல்லி வச்சிருக்கேன்.” ஆடிட்டர் சட்டையை மாட்டினார். “எந்த இடமா இருந்தா என்ன? நான் புகார் கொடுத்துடறேன். அவன் வந்து பதில் சொல்லட்டும்.”

மனைவியின் முகம் வெளுத்துப்போனது. “என்னங்க, ஒரு நிமிஷம், நான்...”

“‘கண்ணில் சொட்டு மருந்து விட்டவர்கள் வண்டி ஓட்டக் கூடாது’,” என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

ஆடிட்டர் திரும்பினார். “என்னம்மா?”

“அந்தப் பலகையில அப்படித்தான் எழுதியிருக்கு.”

“சும்மா இரும்மா. எங்களுக்கே தெரியல. உனக்குத்தான் கண்ணு மங்கலாச்சே. வர்ற வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன்ல.”

“ரெண்டு வருஷமா சொல்றே,” என்றார் அம்மா.

மைத்துனன் படத்தை இன்னும் பெரிதாக்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தான். அம்மா சொன்னது அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது.

ஆடிட்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. டி.வி.யைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். அம்மா பொத்தானைத் தைத்து முடித்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார்.

“எப்படிம்மா படிச்சே?”

“நீ ஊர்ல இல்லாதப்போ ஆபரேஷன் ஆச்சு. அது கண் ஆஸ்பத்திரி. கறுப்புக் கண்ணாடி போட்ட மூணு பேர்ல நடுவுல வர்றது நான்தான். நீ வாங்கிக் கொடுத்த சால்வைகூடப் போர்த்தியிருக்கேன், பாரு.”

ஆடிட்டர் பார்த்தார். அதே சால்வை. இவ்வளவு நேரம் நிழலை அளந்தவருக்குப் பெற்ற தாயை அடையாளம் தெரியவில்லை. மாட்டிய சட்டையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவமானமாக இருந்தது.

“அப்போ வண்டி? மெக்கானிக் கூட்டிட்டுப் போனானா?”

“அந்த மெக்கானிக் தம்பி ஓட்டக் கத்துக் கொடுத்தார், அவ்வளவுதான். உன்கிட்ட சொல்லாதேன்னு நாங்கதான் அவர் வாயைக் கட்டினோம்.”

ஆடிட்டர் மெல்லச் சமையலறைப் பக்கம் திரும்பினார். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அவளை ஒண்ணும் சொல்லாதே,” என்றார் அம்மா. “உன்னைவிட நல்லாத்தான் ஓட்டுறா. நிறுத்தத்தான் இடம் பார்க்கத் தெரியல.”