நடுத்தூணின் குரல்

ஆற்றுப் பாலம் ஆட்டம் கண்டிருந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா வேண்டாமா என்று நகரசபையில் நெடுநாள் சண்டை. கடைசியில் வெள்ளையடித்தால் போதும் என்று முடிவானது.

அன்றிலிருந்து நடுத்தூணின் குரல் ஒரு மாதிரி ஈரமாக ஒலித்தது. "எனக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்று கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தது.

சந்தேகப்பட்ட கரைத்தூண் ஒரு நண்டை அழைத்தது. "அண்ணனைக் கொஞ்சம் பார்த்துட்டு வா."

முங்கிப் போன நண்டு உடனே திரும்பியது. "தண்ணிக்கு அடியில அவரே இல்லை. எப்பவோ அரிச்சுப் போயிட்டார். மேலே இருக்கிற மிச்சம் பாலத்துல தொங்குது."

"அப்போ இத்தனை நாளா என்கிட்ட பேசுறது யாரு?"

நண்டு மணலுக்குள் புதைந்துகொண்டது.

"நான்தான்" என்றது ஆறு, நடுத்தூணின் குரலிலேயே. "சத்தம் போடாதே தம்பி. பஸ் ஒண்ணு வருது."