விரலுக்குத் தெரிந்த எழுத்து

நூலகத்து மேல்மாடியில் காலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைகள்மேல் கோடு கோடாக விரித்திருக்கிறது. பழைய கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இலவசமாகப் போட்டுத் தரும் முகாம் நடக்கிறது. மூன்றாவது மேசையில் தட்டச்சுக்காரி கைகளைக் கட்டிக்கொண்டு தன் மடிக்கணினியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து வருடமாக அவளுக்குச் சோறு போடும் பெட்டி அது. இனி இதற்குப் புதுப்பிப்பு கிடையாது என்று திரையிலேயே செய்தி வந்துவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொல்கிறாள் மகள். எதிரே உட்கார்ந்திருப்பவர் பேருந்து ஓட்டுநர். வார விடுப்பில் முகாமுக்கு உதவ வந்திருக்கிறார். "உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்க்கா. போடட்டுமா?" "ஃபைலெல்லாம் காப்பி எடுத்தாச்சு. போடுங்க தம்பி. ஆனா தமிழ் எனக்குப் பழைய டைப்ரைட்டர் மாதிரியே வரணும். வேற மாதிரின்னா இந்த வயசுல விரல் கேக்காது." திரையில் நீலக்கோடு ஊர்ந்து ஊர்ந்து நிறைகிறது. போட்டு முடிந்து அவள் முதல் தடவை தட்டும்போது வாயில் நுழையாத எழுத்துகள் வந்து விழுகின்றன. அவள் முகம் சுண்டிப்போகிறது. "பொறுங்கக்கா" என்று அவர் பட்டியலைத் துழாவி டைப்ரைட்டர் முறையைத் தேர்ந்தெடுக்கிறார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறாள். திறக்கும்போது அவளுடைய பெயரும் விலாசமும் ஒரு புள்ளி பிசகாமல் நிற்கின்றன. "இன்னும் நிறையக் காட்ட வேண்டியிருக்குக்கா" என்கிறார் ஓட்டுநர். "காட்டுங்க தம்பி, காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே, பாதி தட்டச்சில் நின்றுபோன கையெழுத்துப் பிரதியைப் பையிலிருந்து எடுத்து விரித்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஒரு வரி ஓடிவிடுகிறது.