தாழ்ப்பாள் இல்லாத சமையலறை

கெங்கம்மாள் சமையலறைக் கதவின் தாழ்ப்பாளைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்துக்கொண்டிருந்தாள். மகளைப் பார்க்கக் கெடாரிலிருந்து பஸ் மாறி மாறித் திண்டிவனம் வந்து சேர்ந்த அஞ்சம்மாளை வரவேற்றது அந்தச் சத்தம்தான்.

"வாங்க சம்பந்தி" என்று ஒரே ஒரு வார்த்தை. பெயர்த்த தாழ்ப்பாளை எடுத்துப்போய்க் கொல்லைக் கிணற்றில் வீசிவிட்டு வந்தாள் கெங்கம்மாள். அஞ்சம்மாள் மகளைத் தேடி உள்ளே ஓடினாள்.

ஓடாமல் என்ன செய்வாள்? மகள் வேதவல்லியைக் கொடுத்திருப்பது இரண்டாந்தாரமாக. மாப்பிள்ளை சீனுவாசனின் முதல் பெண்டாட்டி, பழைய வீட்டில் கேஸ் அடுப்பு வெடித்துக் கரிக்கட்டையாய்ப் போனவள். அன்றைக்கு அவன் சிமெண்ட் கடையில் இருந்தான், வீட்டில் இருந்தது மாமியார் ஒருத்திதான் என்று விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தி காதைக் கடித்தாள். கல்யாணத்துக்கு முன்னாலேயே கடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா, பாவி!

மாப்பிள்ளை என்னவோ சொக்கத் தங்கம். வரதட்சணை என்று வாய் திறக்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டைக் காலி செய்தபோது, கேஸில் எரிகிற ஓவனை வாங்கிவந்து, சமையலறைச் சுவரை இடித்து அதில் பதித்துக் கொடுத்திருந்தான். அந்தத் தெருவில் வேறு யார் வீட்டில் இருக்கிறது அப்படி ஒன்று!

"யம்மா, இதப் பாரேன்!" வேதவல்லி அதன் கதவைத் திறந்து காட்டினாள். "இன்னிக்கு அவருக்குப் பொறந்தநாளு. மொத மொதலா இதுல கேக்கு சுடப் போறேன்."

"செவுத்துக்குள்ள நெருப்பா? உனக்கு பயமா இல்லியாடி?"

"இன்னாத்துக்கு பயம்? அவரு பக்கத்துல குந்திக்கினு எல்லாம் சொல்லிக் குடுத்திருக்காரு. மொதல்ல கேஸத் தொறந்து வுட்டு இந்தக் கதவ மூடிக்கணும். உள்ள நல்லா ரொம்பட்டும்னு செத்த நேரம் வுடணும். அப்புறமா கதவத் தொறந்து, குச்சியக் கிழிச்சி நீட்டணும். ரூமு கதவு, ஜன்னலு எல்லாத்தையும் சாத்தித் தாப்பா போட்டுக்கணுமாம். காத்து பட்டா கேக்கு பொங்காதாம்."

அஞ்சம்மாள் ஆயுசில் விறகடுப்பைத் தவிர வேறெதையும் பற்ற வைத்தறியாதவள். பம்பு ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கிற மாதிரி இதற்கும் ஒரு முறை இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டாள். எந்த ஆம்பளை இவ்வளவு பொறுமையாய்ப் பெண்டாட்டிக்குச் சொல்லிக் கொடுப்பான்? பெருமையாகக்கூட இருந்தது.

வேதவல்லி குரலைத் தாழ்த்தினாள். "அம்மாவ திருவாமாத்தூர் கோயிலுக்கு அனுப்பிட்டு நிம்மதியா சுடுன்னு சொல்லிட்டுப் போனாரு. இது போனாத்தான! காலைலருந்து என் பின்னாலயே சுத்திக்கினு கெடக்குது. ஒரே பேஜாரு."

"ஜாக்கிரதையா இருடி" என்று சொல்லிவிட்டு, கால் கழுவக் கொல்லைக்குப் போனாள் அஞ்சம்மாள். முட்டையும் சர்க்கரையும் எடுத்துக்கொண்டு மகளும் பின்கட்டுக்கு வந்து, பாட்டுப் பாடியபடி அடித்துக் கலக்க ஆரம்பித்தாள்.

அஞ்சம்மாள் திரும்பி வந்தபோது சமையலறையில் கெங்கம்மாள் மட்டும் இருந்தாள். சிலிண்டர் பக்கத்தில் மண்டியிட்டு, ரப்பர் குழாயில் எதையோ வழவழவென்று தடவினாள். குனிந்து உற்றுப் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு எழுந்து, ஓவனின் திருகைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அஞ்சம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. சம்பந்தியாவது, மரியாதையாவது!

"ஏய், கொழாயில இன்னாத்தத் தடவுன?"

"சோப்பு நொரை."

"யாருகிட்ட கத வுடற? தாப்பாளப் பேத்த. இப்ப திருகப் புடுங்கி ஒளிச்சிக்கினே. மூத்தவள முழுங்கனது பத்தாதா? எம் பொண்ணும் வேணுமா உனக்கு?"

கெங்கம்மாள் உள்ளறைக்குப் போய் ஒரு பையைக் கொண்டுவந்து அஞ்சம்மாளின் காலடியில் வைத்தாள். வேதவல்லியின் புடவைகளும் நகைப்பெட்டியும் ஏற்கெனவே அதில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஜல்தி கெளம்பு. உம் பொண்ணக் கூட்டிக்கினு போ. இந்த ஊட்டுக்குத் திருப்பி அனுப்பாத."

"தொரத்தறியா? நான் ஏன் போறேன்? எம் மாப்பிள வரட்டும். உன் வண்டவாளத்தத் தண்டவாளத்துல ஏத்தறேன் பாரு!"

தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. கெங்கம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அஞ்சம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். ஸ்கூட்டர் நிற்காமல் போய்விட்டது. பிடியை மட்டும் அவள் விடவில்லை.

பின்கட்டிலிருந்து வேதவல்லியின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கெங்கம்மாள் அஞ்சம்மாளின் காதருகே வந்தாள். கண்ணில் நீர் தளும்ப, குரல் எழும்பாமல் சொன்னாள்:

"மூத்தவளுக்கும் எம் புள்ள இப்பிடித்தாம்மா பத்த வெக்கச் சொல்லிக் குடுத்தான்."