உங்கள் கியூ, உங்கள் கையால்

"மெதுவா தம்பி, மெதுவா! அது மரம். கேரட் இல்ல."

லேத்தில் சுழன்றுகொண்டிருந்த கோலின் மேல் உப்புத்தாளை அழுத்திப் பிடித்திருந்த இளைஞன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை. ஒரே இடத்தைத் தேய் தேயென்று தேய்த்தான். புருவமெல்லாம் மரத்தூள்.

பட்டறைக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் தகப்பன் போல அங்குமிங்கும் நடந்தார். பில்லியர்ட்ஸ் ஆடும் கோலை, அதாவது கியூவை, செய்து விற்பவர் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது. "நான் எங்கய்யா விக்கறேன்? உங்களுக்குள்ள இருக்கற கியூவ வெளிய கொண்டாறேன்" என்பார். வாசல் பலகையிலும் 'உங்கள் கியூ, உங்கள் கையால்' என்றுதான் எழுதியிருந்தது. வாடிக்கையாளர் கூடமாட வேலை செய்தால் விலை கூடும். அதுதான் அந்தப் பட்டறையின் விசேஷம்.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் சார், பொண்ணோட அப்பாகூட" என்றான் இளைஞன், தூளை ஊதித் தள்ளிவிட்டு. "அது முடிஞ்சப்புறம்தான் பொண்ணு குடுக்கறதப் பத்தியே பேசுவாராம்."

"பெரிய ஆட்டக்காரரோ?"

"அவர் அப்படித்தான் சொல்லிக்கறார். ஆனா கண்ணு மட்டும் கழுகுக் கண்ணு சார். துளி நடிச்சாலும் பிடிச்சிடுவார்."

"நடிப்பு எதுக்கு தம்பி? மரத்தோட பேசுங்க. மத்தத மரம் பாத்துக்கும்."

பேசிய பேச்சில் மரம் கோபித்துக்கொண்டது போலிருக்கிறது. செய்து முடித்து மேஜைமேல் உருட்டிப் பார்த்தார்கள். நல்ல கியூ சத்தமில்லாமல் உருளும். இது நொண்டியடித்துக்கொண்டே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டது. இளைஞன் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமை சார்! இதுல இனிமே யாரும் கை வெக்க வேணாம்."

"சேச்சே, உங்க படைப்பாச்சே! வார்னிஷ் காயட்டும். நாளைக்கு வந்து வாங்கிக்கங்க."

கைப்பிடியில் பெண்ணின் பெயரில் முதல் எழுத்தைக் கோணல்மாணலாகச் செதுக்கிவிட்டு அவன் கிளம்பினான். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் பட்டறைக்காரர் அலமாரியைத் திறந்தார். உள்ளே அம்பு போல நேராக, அச்சில் வார்த்த மாதிரி கியூக்கள் வரிசையாக நின்றன. வாடிக்கையாளர் செய்தது விறகாகும். அலமாரியில் இருப்பது வாடிக்கையாளர் செய்ததாகிவிடும். 'எல்லாம் என் கைவேலை' என்று ஒரு பல் டாக்டர் கிளப்பில் பிரசங்கமே செய்துகொண்டிருந்தார். அவருடையதும் இதே அலமாரிதான்.

பில் புத்தகத்திலிருந்து மனைவி தலை நிமிர்ந்தாள். "ஏங்க, இந்த ஒரு தடவையாவது அந்தப் புள்ள செஞ்சதையே குடுங்களேன். என்னமா சந்தோஷப்பட்டுச்சு!"

"இந்தக் கோணக் கழிய வெச்சு ஆடினா பொண்ணு கெடச்ச மாதிரிதான். ஒரு கல்யாணத்தக் கெடுத்த பாவம் நமக்கெதுக்கு?"

"ஆமா, இவருதான் நடத்தி வெக்கப் போறாரு!"

"பாத்துக்கிட்டே இரு. கல்யாணப் பத்திரிகைல என் பேரையும் போடுவான்."

சொல்லிவிட்டு, அந்தக் கோணல் எழுத்தை அதே கோணலோடு புதுக் கியூவில் செதுக்க உட்கார்ந்தார். அந்த வேலையில் அவர் உண்மையாகவே வியர்வை சிந்தியது அந்த ஒரு எழுத்துக்குத்தான்.

திங்கட்கிழமை காலையில் இளைஞன் கியூவும் கையுமாக வந்து நின்றான். பட்டறைக்காரர் ஜாடை காட்டி மனைவியையும் பக்கத்தில் வரவழைத்துக்கொண்டார். பாராட்டைக் கேட்க ஆள் வேண்டுமே.

"என்ன தம்பி, ஜெயிச்சாச்சா?"

"ஜெயிச்சுட்டேன். அடிச்சதெல்லாம் நேரா குழிக்குள்ளதான் போச்சு."

"கேட்டியா?" என்றார் மனைவியிடம். "சரி, கல்யாணம் எப்போ?"

அவன் கியூவை மேஜைமேல் உருட்டினான். அது பூனை மாதிரிச் சத்தமில்லாமல் உருண்டு போய் நின்றது.

"இது நான் செஞ்சதில்ல சார்."

பட்டறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "உங்க நல்லதுக்குத்தான் தம்பி... எப்படியாவது நீங்க ஜெயிக்கணுமேன்னு..."

"நடிச்சுத் தோத்தா பிடிச்சிடுவார்னுதானே சார், பாடுபட்டு ஒரு கோணக் கியூ செஞ்சேன்!"

"தோக்கறதுக்கா?" என்றாள் மனைவி. "எதுக்குப்பா?"

"எனக்கு முன்னாடி அவர ஜெயிச்ச ரெண்டு பேருக்கும் பொண்ணு இல்லேன்னுட்டாரு அக்கா!"