மூன்று நிமிட டிரங்கால்

மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் வாசலில் படபடக்க, காஜா பேராங் மளிகைக்கடையின் கறுப்புத் தொலைபேசிக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறாள் பூங்காவனம். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலைபார்க்கும் கணவன் ஜெயபாலனிடமிருந்து தொலைதூர டிரங்கால், மூன்றே நிமிடம். பிறந்து ஒரு மாதமான மகளின் குரலை அவன் இன்னும் கேட்டதில்லை. காலையெல்லாம் கடைத்தெருவே அதிர அழுதவள், இப்போது ரிசீவரில் கன்னம் பதித்துத் தூங்குகிறாள். "இருங்க, இப்ப அழுதிருவா," என்று சொல்லிக்கொண்டே பூங்காவனம் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டுகிறாள். குழந்தை தூக்கத்திலேயே சிரிக்கிறது. "த்ரீ மினிட்ஸ்," என்கிறாள் இணைப்புக் கொடுத்த எக்ஸ்சேஞ்சுப் பெண், கறாராக. "ஐயையோ!" என்று பூங்காவனம் போட்ட கூச்சலில் குழந்தை வீரிடுகிறது. மறுமுனையில் ஜெயபாலன் சிரிக்கிறான். இதுவரை ஆங்கிலம் மட்டுமே பேசிய எக்ஸ்சேஞ்சுக் குரல் மெல்லச் சொல்கிறது: "நல்லா அழட்டும்க்கா. நான் லைன கட் பண்ணல."